யூட்டோ நாகதோமோ: ஓடிக்கொண்டே இருக்கும் லெஃப்ட் பேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் கால்பந்து என்றதும் நம்மவர்கள் வாயில் வருவது நகாட்டா, ஹோண்டா, ககாவா. கோல் போடுகிறவர்களுக்குத்தானே எங்கேயும் போஸ்டர்! இடது ஓரத்தில் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் உயரம் குறைந்த அந்த மனிதரைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்குத் தனி சந்தோஷம். உலகக் கோப்பைச் சமயத்தில் நண்பர்கள் கேட்டவை, பந்து பார்க்கும் பையன்கள் கேட்டவை என்று சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதிவிட்டேன்.

யார் இந்த நாகதோமோ? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1986 செப்டம்பர் 12 அன்று பிறந்த ஜப்பானிய டிஃபெண்டர், அதாவது தடுப்பாட்டக்காரர். பெரும்பாலும் லெஃப்ட் பேக் (பின்வரிசையின் இடது ஓரம்), தேவைப்பட்டால் ரைட் பேக் (வலது ஓரம்). எஃப்சி டோக்கியோவில் தொடங்கி, இத்தாலியில் செசேனா, இன்டர் மிலான், துருக்கியில் கலதாசராய், பிரான்ஸில் மார்செய் என்று சுற்றிவிட்டு 2021இல் மறுபடி எஃப்சி டோக்கியோவுக்கே வந்து சேர்ந்தவர். 2010, 2014, 2018, 2022 என நாலு உலகக் கோப்பைகள். அந்த நான்கிலும் ஜப்பான் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 15. பதினைந்திலும் ஆரம்பப் பதினொருவரில் இவர் பெயர் இருந்தது. உலகக் கோப்பையில் அதற்குமுன் எந்த ஜப்பானியரும் இத்தனை ஆட்டம் ஆடியதில்லை.

பெயரை எப்படிச் சொல்வது?

நாகதோமோ என்பது குடும்பப் பெயர், யூட்டோ அவருடைய பெயர். ஜப்பானில் குடும்பப் பெயரை முன்னால் வைத்து நாகதோமோ யூட்டோ என்பார்கள். எழுதும் இரண்டு எழுத்துகளைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கு 'நீண்ட', இன்னொன்றுக்கு 'நண்பன்' என்று பொருள். இவ்வளவு நீளமாக ஆடியவருக்குப் பெயரும் பொருந்தியிருக்கிறது!

எந்த ஊர்க்காரர்?

எஹிமே மாகாணத்தின் சைஜோ. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியதான ஷிகோகுவில் இருக்கிறது. இஷிசுச்சி மலையடிவாரம், தரையைத் துளைத்தால் நல்ல தண்ணீர் தானாகப் பொங்கும் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர்.

அவர் தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அக்கா, இவர், தம்பி என்று மூன்று பிள்ளைகளையும் அம்மா ஒருவரே வேலைக்குப் போய் வளர்த்தார். பிற்காலப் பேட்டிகளில் அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இவர் சீக்கிரம் நிறுத்தமாட்டார். உள்ளூர் கிளப்பான எஹிமே எஃப்சியின் சிறுவர் அணித் தேர்வுக்குப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். நடுநிலைப் பள்ளியில் கொஞ்ச காலம் பந்தை மறந்து வீடியோ கேம் கடைகளில் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இழுத்து வந்து மறுபடி மைதானத்தில் விட்டார். உயர்நிலைப் பள்ளிக்கு வீட்டை விட்டுக் கடல் தாண்டி ஃபுகுவோகாவுக்குப் போனார். அங்கே ஹிகாஷி ஃபுகுவோகா பள்ளி கால்பந்துக்குப் பெயர்பெற்றது.

அவர் மேளம் அடித்துக்கொண்டிருந்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

பள்ளி முடித்த கையோடு எந்தத் தொழில்முறை கிளப்பும் அவரைக் கூப்பிடவில்லை. டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் அரசியல், பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தத் தொடங்கியது. ஓடவே முடியாது என்ற நிலை. கல்லூரி அணி ஆடும்போது இவர் எங்கே இருந்தார் தெரியுமா? பார்வையாளர் பகுதியில், உற்சாகப்படுத்தும் கூட்டத்தோடு, கையில் குச்சியுடன் பெரிய மேளத்துக்குப் பின்னால். அந்த அடியைக் கேட்டுவிட்டு வேறு கிளப்புகளின் ரசிகர் கூட்டத்திலிருந்து 'எங்களோடு வந்து அடிக்கிறாயா' என்று கேட்டார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வது வழக்கம்.

வயது பதினெட்டு, பத்தொன்பது. கூடப் படித்தவர்கள் உள்ளே ஆட, வெளியே உட்கார்ந்து அவர்களுக்காக மேளம் தட்டுவது எப்படி இருந்திருக்கும்! அங்கிருந்து சில ஆண்டுகளில் தேசிய அணிச் சட்டை.

பிறகு எப்படித் திரும்பி வந்தார்?

இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, கல்லூரிப் பயிற்சியாளர் அகிஹிகோ கமிகவா அவரை நடுக்களத்திலிருந்து எடுத்து ஓரத்து டிஃபெண்டராகப் போட்டார். வேகம், தம், விடாப்பிடி மூன்றும் இருந்தன; நடுக்களத்துக்கு வேண்டிய பந்து நுணுக்கம் அந்த அளவுக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு முடிவுதான் அவருக்குச் சோறு போட்டது.

இரண்டாவது, முதுகுக்காக இடுப்பு, வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியில் இறங்கினார். வலிக்கு வைத்தியமாகத் தொடங்கியது பின்னாளில் அவருடைய அடையாளமே ஆகிவிட்டது. அந்தப் பயிற்சிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஜப்பானில் நன்றாகவே விற்றது.

2007இல் மாணவராக இருந்துகொண்டே எஃப்சி டோக்கியோவில் ஆட அனுமதி கிடைத்தது. 2008இல் கல்லூரி அணியை விட்டுவிட்டு முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். படிப்பை மட்டும் விடவில்லை, பட்டம் வாங்கினார். அதே ஆண்டு மே 24ஆம் தேதி ஐவரி கோஸ்டுக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். தொழில்முறைக்கு வந்து நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். அங்கே அமெரிக்கா, நைஜீரியா, நெதர்லாந்து மூன்றிடமும் தோற்று வந்தார்கள். ஹோண்டா, ககாவா, ஒகாசாகி, உச்சிடா, யோஷிடா எல்லாரும் அந்த அணியில் இருந்தவர்கள். ஊரில் நல்ல திட்டு விழுந்தது. அடுத்த பத்து வருஷம் ஜப்பானைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பையன்கள்தான்.

ஃபுல் பேக் என்றால் என்ன வேலை? அது ஏன் இவருக்குப் பொருந்தியது?

பின்வரிசையில் நாலு பேர் என்றால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் ஃபுல் பேக். எதிரணியில் ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கர் பந்தோடு வரும்போது தடுக்க வேண்டும். நம் கையில் பந்து வந்ததும் அதே ஆள் முன்னால் ஓடி கிராஸ் போட வேண்டும், அதாவது ஓரத்திலிருந்து பந்தைக் கோல் முன்னால் அனுப்ப வேண்டும். பந்து பறிபோனால் தலைதெறிக்கத் திரும்பி ஓடி வர வேண்டும். கோல் வாங்கினால் பழி, கோல் போட்டால் புகழ் வேறொருவருக்கு.

நாகதோமோவின் உயரம் 170 சென்டிமீட்டர். நடுவில் நிற்கும் டிஃபெண்டராக ஐரோப்பாவில் இந்த உயரத்தோடு பிழைக்க முடியாது. ஓரத்தில் முடியும். தலைக்கு மேல் போகும் பந்தில் இவர் தோற்றதுண்டு. ஆனால் பந்தோடு வருபவரின் காலடியிலேயே நெருங்கி நின்று, அவர் முதல் அடி எடுப்பதற்குள் தானும் எடுத்துவிடுவார். 2010 ஜூன் 14, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டெய்ன். கேமரூன் தன் நட்சத்திரம் சாமுவேல் எட்டோவை வலது ஓரத்தில் நிறுத்தியது. அப்போதுதான் இன்டரோடு மூன்று கோப்பை வாங்கி வந்திருந்த எட்டோ. நாகதோமோ அவரைத் திரும்பவே விடவில்லை. ஜப்பான் 1-0. அந்த எட்டோவோடு ஒரே உடைமாற்றும் அறையில் உட்காரப் போகிறோம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இவரே நம்பியிருக்கமாட்டார்.

செசேனாவிலிருந்து ஆறே மாதத்தில் இன்டருக்குப் போனது எப்படி?

இதைத் தேதி தேதியாகச் சொன்னால்தான் ருசி.

உலகக் கோப்பை முடிந்து ஜூலையில் லோனில் (கிளப்புக்குக் கிளப் தரும் இரவல்) செசேனாவுக்குப் போனார். அது அப்போதுதான் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவுக்கு ஏறி வந்திருந்த சின்ன கிளப். முதல் ஆட்டம் ரோமாவில், 0-0. அடுத்த ஆட்டம் சொந்த மைதானத்தில் ஏசி மிலானோடு. இப்ராஹிமோவிச் மிலான் சட்டையில் ஆடிய முதல் ஆட்டம் அது. செசேனா 2-0 என்று ஜெயித்தது. (அந்தச் செசேனாவின் பயிற்சியாளர் மாசிமோ ஃபிக்காடென்டி பின்னால் எஃப்சி டோக்கியோவுக்கே பயிற்சியாளராக வந்தார். உலகம் சின்னது.)

2011 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. 29ஆம் தேதி இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவோடு. தொண்ணூறு நிமிஷத்தில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் ஸக்கெரோனி இவரைப் பின்வரிசையிலிருந்து ஒரு படி முன்னே தள்ளியிருந்தார். 109ஆவது நிமிஷம். எண்டோவிடமிருந்து பந்து வருகிறது. முன்னால் நிற்பவர் வில்க்ஷயர். நாகதோமோ ஓரமாக ஒரு தள்ளு தள்ளி, அவர் திரும்புவதற்குள் இடதுகாலால் கிராஸ் போடுகிறார். கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் ஜப்பானின் டாடனாரி லீயைச் சுற்றி ஒருவரும் இல்லை. பந்து தரையில் படாமலேயே இடது காலால் ஓர் அடி. கோல் கீப்பர் ஷ்வார்ட்ஸர் அசையக்கூட இல்லை. 1-0, கோப்பை.

நூற்றுச் சொச்சம் நிமிஷம் ஓடிய பிறகு ஒரு டிஃபெண்டருக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அந்தக் காட்சியில் பலரும் லீயின் அடியையே பார்ப்பார்கள். அடுத்த முறை வில்க்ஷயரின் கால்களைப் பாருங்கள், களைத்துப்போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 31, ஆட்டக்காரர் மாற்றச் சந்தையின் கடைசி நாள். இன்டர் தன் இளம் டிஃபெண்டர் சான்டோனை லோனில் செசேனாவுக்குக் கொடுத்துவிட்டு நாகதோமோவை லோனில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் நடப்புச் சாம்பியன், உலக கிளப் கோப்பையும் கையில் வைத்திருந்த அணி. பிப்ரவரி 6ஆம் தேதி ரோமாவோடு 5-3 என்று ஜெயித்த ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். மேளத்தை வைத்துவிட்டு ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது.

கோல் போட்டதும் குனிந்து வணங்குவார்களே, அது யார் ஆரம்பித்தது?

ஜப்பானில் ஒருவரைக் கண்டால் இடுப்பை மடித்துக் குனிவதுதான் வணக்கம், 'ஒஜிகி' என்பார்கள். 2011 மார்ச் 6, ஜெனோவா அணிக்கு எதிராக இன்டருக்காக இவர் முதல் கோல் போட்டார். கொண்டாட ஓடி வந்த கேப்டன் ஸனெட்டியும் இவரும் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினார்கள். ஸனெட்டி என்றால் இன்டரில் சாமி மாதிரி. அவரே குனிந்துவிட்ட பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அப்புறம் அதுவே இந்த அணியில் நாகதோமோவின் முத்திரை ஆனது.

புது இடத்துக்குப் போனால் மொழி தெரியாமல் மூலையில் ஒதுங்கிவிடும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நிறையப் பேர். இவர் இத்தாலியன் தப்பும் தவறுமாகப் பேசி, எல்லாரையும் சிரிக்க வைத்து, கஸானோ மாதிரி கிண்டல்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார். உடைமாற்றும் அறையில் வேண்டப்பட்டவராக இருப்பதும் ஒரு தகுதிதான் என்பது என் எண்ணம். ஏழு வருஷம் அங்கே தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2011 நிலநடுக்கத்தின்போது அவர் கொடி பிடித்தது என்ன சம்பவம்?

அந்த முதல் கோலுக்கு ஐந்து நாள் கழித்து, மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். மார்ச் 15ஆம் தேதி மியூனிக்கில் பயர்ன் கிளப்போடு, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். இன்டர் கடைசி நிமிஷங்களில் 3-2 ஆக்கி அடுத்த சுற்றுக்குப் போனது. நாகதோமோ கடைசி சில நிமிஷங்கள்தான் இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் எழுத்துகள் எழுதிய ஜப்பான் கொடி ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றார். நீங்கள் தனியாக இல்லை என்ற செய்தி. சுற்றிலும் மற்றவர்கள் வெற்றியில் குதித்துக்கொண்டிருக்க, இவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜப்பானில் வீடிழந்து பள்ளிக்கூட ஹால்களில் படுத்துக் கிடந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்த படங்களில் அதுவும் ஒன்று.

இன்டரில் உண்மையிலேயே நன்றாக ஆடினாரா, இல்லை ஜப்பானில் சட்டை விற்கத்தான் வைத்திருந்தார்களா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சட்டை விற்பனைக்காக ஒருவரை ஒரு வருஷம் வைத்திருப்பார்கள், இரண்டு வருஷம் வைத்திருப்பார்கள். ஏழு வருஷமா? எல்லாப் போட்டிகளும் சேர்த்து 200 ஆட்டங்களைத் தாண்டினார்.

அதைவிட ஒரு கணக்கு சொல்கிறேன். அவர் இருந்த காலத்தில் இன்டரின் பயிற்சியாளர்கள்: லியோனார்டோ, காஸ்பெரினி, ரனியேரி, ஸ்ட்ராமச்சோனி, மஸ்ஸாரி, மன்சினி, டி போயர், பியோலி, ஸ்பலெட்டி. இடையில் தற்காலிகமாக வந்தவர்களை விட்டுவிட்டால்கூட ஒன்பது பேர். ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும் 'நாகதோமோ விற்கப்படுகிறார்' என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதும். புதுப் பயிற்சியாளர் வருவார், புது லெஃப்ட் பேக் ஒருவரை வாங்குவார். குளிர்காலம் வரும்போது பார்த்தால் நாகதோமோ ஆடிக்கொண்டிருப்பார்.

நன்றாக ஆடிய காலமும் உண்டு, சொதப்பிய காலமும் உண்டு. மஸ்ஸாரியின் கீழ் 2013-14 பருவம்தான் உச்சம். மூன்று பேர் பின்வரிசை, ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடும் விங் பேக்காக இவர். லீகில் மட்டும் ஐந்து கோல். சில ஆட்டங்களில் கேப்டன் பட்டைகூடக் கையில் இருந்தது. பிந்தைய வருஷங்களில் தடுப்பில் தவறுகள் கூடின, இன்டரின் சொந்த மைதானமான சான் சீரோவில் சொந்த ரசிகர்களிடமே விசில் வாங்கினார். அவர் போகும்போது கைவசம் இருந்தது 2011 இத்தாலியக் கோப்பை ஒன்றுதான். வருவதற்கு முந்தைய ஆண்டு மூன்று கோப்பை வாங்கிய அணி, இவர் இருந்த ஏழு ஆண்டும் தேய்ந்துகொண்டே போனது. கெட்ட காலத்து இன்டருக்கு அவர் வாய்த்தார் என்று சொல்வதுதான் நியாயம்.

2014, 2018 உலகக் கோப்பைகளில் என்ன ஆனது?

2014 பிரேசில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐவரி கோஸ்டிடம் தோல்வி, கிரீஸோடு சமன், கொலம்பியாவிடம் 4-1 என்று அடி. கிளம்பும்போது கோப்பையை ஜெயிப்போம் என்று பேசியவர்களில் இவரும் ஒருவர். தோற்ற பிறகு நிருபர்கள் முன் வாய் திறக்க முடியாமல் அழுதுவிட்டார்.

2018 ரஷ்யாவுக்கு முடியைத் தங்க நிறமாக்கிக்கொண்டு வந்தார். செனகலோடு ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது தூரத்திலிருந்து இவருக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. ஓடிக்கொண்டே காலில் வாங்கி இழுத்து, பின்னால் வந்த இனுயியிடம் விட்டார். இனுயி வளைத்து அடித்தார், கோல். அடுத்த சுற்றில் பெல்ஜியத்தோடு 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு 3-2 என்று தோற்ற கதை எல்லாருக்கும் தெரியும்.

2022இல் 36 வயதில் ஏன் அவரைச் சேர்த்தார்கள்?

ஜப்பானிலேயே இதே கேள்விதான். தகுதிச் சுற்றின்போது நாகதோமோவை மாற்றுங்கள் என்று சமூக வலைத்தளங்களில் ஒரே சத்தம். பயிற்சியாளர் மொரியாசு ஒவ்வோர் ஆட்டத்திலும் இவரைத் தொடக்கத்தில் இறக்குவார், ஐம்பது அறுபது நிமிஷத்தில் எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆடும் நகயாமாவைப் போடுவார். அப்படியானால் முதலிலேயே நகயாமாவை ஆடவிட வேண்டியதுதானே என்பது ரசிகர்கள் வாதம். 2022 பிப்ரவரியில் சவூதியோடு சைதாமாவில் ஆடியபோது, இடது ஓரத்திலிருந்து இவர் தள்ளிய பந்தில் ஜுன்யா இட்டோ இரண்டாவது கோலை அடித்தார். கொஞ்ச நாள் வாய்கள் மூடின. அப்புறம் நவம்பரில் நகயாமாவுக்குக் குதிகால் தசைநாண் அறுந்து அவர் அணியிலிருந்தே விலக நேர்ந்தது.

கத்தாரில் நடந்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஜெர்மனி, கோஸ்டாரிகா, ஸ்பெயின், குரோஷியா என நாலு ஆட்டத்திலும் இவர்தான் தொடக்கத்தில். நாலிலும் பாதியில் வெளியே வந்தார். அதில் மூன்று முறை இவருக்குப் பதில் இறங்கியவர் ஓரத்தில் தாக்கி ஆடும் மிட்டோமா. ஜெர்மனியோடு 57ஆவது நிமிஷம், ஸ்பெயினோடு இடைவேளையில், குரோஷியாவோடு 64ஆவது நிமிஷம். திட்டம் இதுதான்: எதிரணி புத்துணர்ச்சியோடு இருக்கும் முதல் பகுதியை அனுபவஸ்தர் தாங்கிப் பிடிக்க வேண்டும், பிறகு களைத்த கால்கள் மேல் மிட்டோமாவை ஏவிவிட வேண்டும். ஸ்பெயினோடு கோட்டிலிருந்து பந்தை மயிரிழையில் திருப்பி எடுத்த மிட்டோமாவை உலகமே பேசியது. அதற்கு முன் 45 நிமிஷம் அதே ஓரத்தைக் காத்தவர் அப்போது பெஞ்சில் நின்று கத்திக்கொண்டிருந்தார், இந்த முறை தலைமுடி சிவப்பு.

ஜெர்மனியை வென்ற பிறகு தொலைக்காட்சி மைக் முன்னால் தொண்டை கிழிய 'பிராவோ!' என்று கத்தினார். ஊரெல்லாம் குழந்தைகள் அதையே கத்திக்கொண்டு திரிந்தார்கள். குரோஷியாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது தனிச் சோகம். 2010இலும் பராகுவேயிடம் இப்படியேதான்.

துருக்கி, பிரான்ஸ் காலம் எப்படி?

2018 ஜனவரி கடைசி நாளில் லோனில் கலதாசராய். ஃபாத்தி தெரிம் பயிற்சியாளர். இத்தாலியில் ஏழு வருஷத்தில் கிடைக்காத லீக் பட்டம் இங்கே நாலே மாதத்தில் கிடைத்தது. அடுத்த பருவம் நிரந்தர ஒப்பந்தம், மறுபடி லீக் பட்டம், கூடவே துருக்கிக் கோப்பை.

நடுவே ஒரு பயங்கரம். 2018 அக்டோபரில் ஜெர்மன் கிளப் ஷால்கேவோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் பந்து நெஞ்சில் பலமாகப் பட்டு நுரையீரல் சுருங்கிவிட்டது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே காற்று புகுந்துவிடும் நிலை அது, மூச்சே இழுக்க முடியாது. வாரக்கணக்கில் ஆட முடியவில்லை. தம்மை நம்பியே பிழைப்பு நடத்திய ஆளுக்கு அடிபட்ட இடத்தைப் பாருங்கள். ஆனால் அடுத்த ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கத்தாரிடம் தோல்வி.

2020 தொடக்கத்தில் கலதாசராய் இரண்டாம் பாதிக்கான ஆட்டக்காரர் பட்டியலில் இவர் பெயரை விட்டுவிட்டது. பயிற்சி செய்யலாம், ஆட முடியாது. அரை வருஷம் அப்படியே போனது. 33 வயது, ஆட்டம் இல்லை, கூடவே கொரோனா. முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன். அந்தக் கோடையில் பயிற்சியாளர் வில்லாஸ் போவாஸ் மார்செய்க்கு அழைத்தார். தேசிய அணியில் மறு ஓரத்தில் ஆடிய ஹிரோகி சகாய் அங்கே ஏற்கெனவே இருந்தார். ஆளில்லாத வெலோட்ரோம் மைதானத்தில் ஒரே ஒரு பருவம், அவ்வளவுதான்.

உடம்பை எப்படி இவ்வளவு நாள் வைத்திருக்கிறார்?

முதுகுத் தசைப் பயிற்சியை மேலே சொன்னேன். அதோடு யோகா, அதைப் பற்றியும் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். 2016வாக்கில் சொந்தமாக ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார். மீனும் நல்ல எண்ணெயும் கூட, மாவுச் சத்தும் சர்க்கரையும் குறைய என்பது அவர்கள் வழி. நமக்கு அப்படியே ஒத்துவருமா என்றால் சந்தேகம்தான். சோற்றைக் குறை என்று என்னிடம் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

2013இல் இடது முழங்காலில் சவ்வு காயம். தோள்பட்டை விலகியதும் உண்டு. காயமே படாத இரும்பு மனிதர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்ட ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் தன் ஆட்டத்தை ஒரு பங்கு மாற்றிக்கொண்டார் என்பதே சரி. இளவயதில் ஓரத்தில் நாற்பது மீட்டர் ஓடிப் போய் கிராஸ் போட்டவர், பின்னாளில் எப்போது ஓடக் கூடாது என்று தெரிந்துகொண்டவர்.

மறுபடி டோக்கியோவுக்கு ஏன் வந்தார்? இன்னும் தேசிய அணியில் இருக்கிறாரா?

2021 செப்டம்பரில், பதினொரு வருஷம் கழித்து, கிளம்பிய இடத்துக்கே வந்தார். அடுத்த உலகக் கோப்பைக்குத் தொடர்ந்து ஆட ஓர் அணி வேண்டும், பழைய கிளப் கூப்பிட்டது. 'உலகின் முதல்தர ஃபுல் பேக் ஆவேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர். அது நடந்ததா என்றால் இல்லை. ஆனால் அதைச் சொன்னதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை.

கத்தாருக்குப் பிறகு ஓய்வு அறிவிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அறிவிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, 2024 மார்ச்சில் மறுபடி அணிக்கு அழைப்பு வந்தது. 2025 ஜூலையில் தென்கொரியாவில் நடந்த கிழக்காசியப் போட்டியில் 38 வயதில் கேப்டனாகச் சீனாவோடு களமிறங்கினார். அணியில் முதல்முறை வந்திருந்த சில பையன்கள், இவர் தேசிய அணியில் முதல் ஆட்டம் ஆடியபோது ஆரம்பப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். தேசிய அணிக்காக 140 ஆட்டங்களைத் தாண்டியாயிற்று. இவருக்கு மேலே இருப்பவர் ஒருவரே, 152 ஆட்டம் ஆடிய யாசுஹிட்டோ எண்டோ. ஆசியக் கோப்பை கிராஸுக்குப் பந்து கொடுத்தாரே, அதே எண்டோ.

ஜப்பானின் தலைசிறந்த டிஃபெண்டர் இவர்தானா?

தடுப்பை மட்டும் பார்த்தால் நான் வேறு பெயர் சொல்வேன். 1998இல் ஜப்பானின் முதல் உலகக் கோப்பை அணிக்குத் தலைமை தாங்கிய மசாமி இஹாரா, இரும்புத் தலை யூஜி நகசாவா, சவுதாம்ப்டனில் பல வருஷம் நின்ற மாயா யோஷிடா மூவரும் நடுவில் நின்ற சுவர்கள். ஓரத்து ஆட்டக்காரர்களில் சுத்தமான பந்து ஞானத்துக்கு ஷால்கேயில் ஆடிய உச்சிடா. ஆனால் காயங்கள் உச்சிடாவை 32 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. மறு ஓரத்தில் ஆடிய நாகதோமோ, அவரைவிட ஒன்றரை வயது மூத்தவர், இன்னும் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

தேடிப் பார்க்க ஒரே ஒரு காட்சி சொல்லுங்களேன்.

எல்லாரும் ஆசியக் கோப்பை கிராஸைத்தான் சொல்வார்கள். நான் 2017 டிசம்பர் 12, சான் சீரோவைச் சொல்வேன். இத்தாலியக் கோப்பையில் மூன்றாம் பிரிவு அணியான போர்டெனோனேவோடு இன்டர் 120 நிமிஷம் முட்டி மோதியும் ஒரு கோல் போட முடியவில்லை. அவமானத்தின் விளிம்பு. பெனால்டி ஷூட் அவுட்டும் ஐந்தைந்து அடியில் முடியாமல் நீள்கிறது. முடிவைத் தீர்மானிக்கும் அடிக்கு நடந்து வருபவர், அந்த மாதங்களில் அணியிலேயே அவ்வளவாக இடமில்லாத, அடுத்த மாதம் துருக்கிக்குப் போய்விடப் போகிற நாகதோமோ. பந்தை வைக்கிறார், அடிக்கிறார், உள்ளே. இன்டருக்காக அவர் செய்த கடைசிப் பெரிய காரியம் அது.